கடைசியாக நடப்பவர்

ஓம் நமசிவாய.



சென்ற பள்ளி விடுமுறையில் நடந்த நம் இளைஞர் முகாமில், காலை வழிபாடு முடிந்ததும் அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேசியதை எழுதித் தரும்படி இதழ்க் குழுத் தம்பிகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பேசும்போது இருந்த துணிச்சல் எழுதும்போது வரவில்லை. காரணம், இதில் நான் செய்த ஒரு தவறு இருக்கிறது. மேடையில் சொன்னால் காற்றோடு போய்விடும். அச்சில் ஏறினால் நிற்கும். சரி, நிற்கட்டும். உங்களில் ஒருவருக்காவது பயன்பட்டால் போதும்.

அன்று முதலில் ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள்ல எத்தனை பேர் மலை ஏறியிருக்கீங்க?" பாதிக்கு மேல் கை தூக்கினீர்கள். "உச்சியில நின்னு படம் எடுத்தவங்க?" அதே கைகள். "அந்தப் படத்துல இல்லாதவங்க யாருன்னு ஞாபகம் இருக்கா?" மண்டபம் அமைதியாகிவிட்டது.

என்னிடம் அப்படி ஒரு படம் இருக்கிறது. நுவாங் மலை உச்சியில் எடுத்தது. ஐந்து பேர் கைகோத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். கிளம்பும்போது நாங்கள் ஆறு பேர்.

நுவாங் மலை ஊலு லங்காட்டில் இருக்கிறது. 1,493 மீட்டர் உயரம். உச்சி சிலாங்கூருக்கும் பகாங்குக்கும் எல்லையில் நிற்கிறது. பங்சூன் பக்கமாக ஏறுபவர்களுக்குத் தெரியும், அந்த மலை முதலில் கால்களைச் சோதிக்காது, பொறுமையைத்தான் சோதிக்கும். தொடக்கத்தில் அகலமான மண் பாதை. கிலோமீட்டர் கணக்கில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். முடியவே முடியாது போலத் தோன்றும். அது முடிகிற இடத்தில் ஆற்றோரம் கெம் லோலோ. அங்கிருந்துதான் உண்மையான ஏற்றம் ஆரம்பம். மர வேர்களைப் படிக்கட்டாக்கி ஏறினால் கெம் பாச்சாட். பாச்சாட் என்றால் அட்டை. பெயர் பொய் சொல்லாது, போய்ப் பாருங்கள். அதற்கும் மேலே புஞ்சாக் பெங்காசே.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இந்தப் பெங்காசேயில்தான் ஏமாறுவார்கள். மூச்சு வாங்கி ஏறி வந்து, "அப்பாடா, உச்சி!" என்று பையை இறக்குவார்கள். அனுபவம் உள்ளவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் காட்டுவார். நுவாங் அதோ, அந்தப் பக்கம். இங்கிருந்து இறங்கி, முகட்டின் மேலேயே நடந்து, மறுபடியும் ஏற வேண்டும். கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது.

எனக்கு அப்போது 22 வயது. எங்கள் குழுவில் ஆறாவது ஆள் என் சின்னம்மா மகன். 17 வயது. எஸ்.பி.எம். எழுதி முடித்த கையோடு, "அண்ணா, நானும் வர்றேன்" என்று ஒட்டிக்கொண்டான். சின்னம்மா வாசலில் நின்று, "பாத்துக் கூட்டிட்டுப் போய்ட்டு வாப்பா" என்றார். அந்தச் சொல்லை என்னிடம்தான் சொன்னார்.

கெம் பாச்சாட்டைத் தாண்டியதும் அவனுக்குத் தசைப்பிடிப்பு வந்துவிட்டது. பெங்காசே வரை எப்படியோ வந்து சேர்ந்தான். முகம் வெளுத்திருந்தது. தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், "நீங்க போங்கண்ணா. நான் இங்கேயே இருக்கேன்" என்றான்.

தம்பி தங்கைகளே, இந்தச் சொல்லை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்லியும் இருப்பீர்கள். "நீங்க போங்க" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் உண்மையில் என்ன கேட்கிறார் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும், காதில் விழுந்த வார்த்தையை மட்டும் எடுத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவன் கையில் ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்துவிட்டு, "ஒரு மணி நேரத்துல வந்துடுவோம்டா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

முகட்டில் நடப்பது தனி அனுபவம். சில இடங்களில் பாதை ஓர் ஆள் அகலம்தான். இரண்டு பக்கமும் சரிவு. பாசி மூடிய மரங்களுக்கு நடுவே பனிமூட்டம் வந்து வந்து போகும். முன்னால் போகிறவன் முதுகு மட்டும் தெரியும். பின்னால் யார் வருகிறார், யார் வரவில்லை என்று பார்க்கத் தோன்றாது. உச்சி கூப்பிடுகிறது அல்லவா? நான் ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சிக்குப் போனோம். படம் எடுத்தோம். பத்து நிமிடத்தில் இடி. அப்புறம் மழை. நம் நாட்டு மலைகளில் மதியத்துக்கு மேல் மழை எப்படி இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. வழுக்கி, விழுந்து, எழுந்து பெங்காசேக்குத் திரும்பியபோது அங்கே தம்பி இல்லை. நான் கொடுத்த புட்டி மட்டும் ஒரு வேருக்குப் பக்கத்தில் கிடந்தது.

அடுத்த மூன்று மணி நேரத்தை நான் இன்னும் கனவில் காண்கிறேன். அவன் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. இருட்டிவிட்டது. ஆறு பேருக்கு இரண்டு தலைவிளக்குதான், அதிலும் ஒன்று மழையில் அணைந்துபோனது. அப்போது நான் சொல்லாத தெய்வம் இல்லை. முருகனைக் கூப்பிட்டேன், மாரியம்மனைக் கூப்பிட்டேன். ஆனால் மனசுக்குள் ஓடியது ஒரே குரல்தான். "பாத்துக் கூட்டிட்டுப் போய்ட்டு வாப்பா."

கெம் லோலோவில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. மலாய்க்காரப் பெரியவர் ஒருவரும் அவருடைய இரண்டு நண்பர்களும் கூடாரத் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் தம்பி. அவர்களுடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, சூடான மைலோவை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். இறங்கி வரும் வழியில், மழையில் நடுங்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தவனைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் மாற்றி மாற்றித் தாங்கிக் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள். எங்களுக்காக அங்கேயே காத்திருந்திருக்கிறார்கள்.

அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. எனக்கும் ஒரு குவளை மைலோ ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னார். "ஜாங்ஙான் திங்கால்கான் காவான், டேக்." கூட வந்தவனை விட்டுட்டுப் போகாதே, தம்பி.

தம்பி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சின்னம்மாவிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்களோடு எந்த மலைக்கும் அவன் வரவில்லை. நாலு வருஷம் கழித்துத்தான் எனக்கு இன்னொன்று தெரிந்தது. மேற்படிப்பில் இரண்டு பாடம் தவறி, படிப்பையே நிறுத்திவிட்டு, வீட்டுக்குத் தெரியாமல் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். "எப்படிண்ணா சொல்றது? நீங்க முன்னால போய்ட்டே இருந்தீங்க."

அன்று இரவுதான் எனக்கு உண்மையில் கால் இடறியது. மலையில் இடறவில்லை, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இடறியது.

நம் சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் என்று ஒன்று படித்திருப்பீர்கள். சமய வகுப்பில் "ஆணவம், கன்மம், மாயை" என்று ஒப்பித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆணவம் என்றால் மீசை முறுக்குவது, அதட்டிப் பேசுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உமாபதி சிவம் திருவருட்பயனில் அதை இருட்டோடு வைத்துப் பேசுகிறார். இருட்டு மற்ற பொருள்களை மறைக்கும். ஆனால் "இப்போது இருட்டாக இருக்கிறது" என்பதாவது நமக்குத் தெரியும். ஆணவம் அதைவிடக் கெட்டிக்கார இருட்டு. அது மற்றவற்றையும் மறைக்கும், தான் இருப்பதையும் மறைக்கும்.

முகட்டில் நடந்தபோது எனக்கு ஆணவம் இருப்பதாகத் தெரியவே இல்லை. "உற்சாகம்" என்றுதான் நினைத்தேன். "தன்னம்பிக்கை" என்று நினைத்தேன். "அவனே போகச் சொன்னான்" என்று நினைத்தேன். இருட்டுக்கு நான் வைத்த பெயர்கள் அவை.

இதை முகாமில் சொல்லிவிட்டு அப்பர் சுவாமிகளின் கயிலை யாத்திரைக்கு வந்தேன். மலை என்றால் நமக்கு அவரை விட்டால் யார்?

ஏழாம் நூற்றாண்டு. காளத்தி மலையில் இறைவனை வணங்கி நிற்கும்போது, வடகயிலையைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆசை அப்பருக்கு எழுகிறது. முதிர்ந்த வயது. சீசைலம் தொழுது, பல நாடுகள் கடந்து, காசி வரை போகிறார். அதற்கு மேலே மனிதர் போகும் வழி இல்லை. அவர் நிற்கவில்லை. நடக்கிறார். பாதம் தேய்ந்துபோகிறது. கைகளை ஊன்றித் தவழ்கிறார். கைகளும் தேய்கின்றன. மார்பால் ஊர்கிறார். மார்பும் நைகிறது. உடம்பைப் புரட்டிப் புரட்டிப் போகிறார். கடைசியில் அசையவே முடியாமல் கிடக்கிறார். அப்போது இறைவன் ஒரு முனிவர் வடிவில் வந்து, "மனிதரால் அடைய முடியாத இடம் அது. திரும்பிப் போ" என்கிறார். அப்பர் மறுக்கிறார். அழியப்போகிற இந்த உடம்பை வைத்துக்கொண்டு, கயிலையைக் காணாமல் திரும்புவதில்லை என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறார்.

இந்த இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை கை தூக்கினாள். "அண்ணா, அப்பரே திரும்ப மாட்டேன்னுதானே சொன்னாரு? அப்போ நீங்க உச்சிக்குப் போனது மட்டும் எப்படித் தப்பாகும்?"

நல்ல கேள்வி. உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் எனக்கே பதில் வரவில்லை. தண்ணீர் குடிப்பது போலச் சமாளித்தேன்.

பதில் கதையிலேயே இருக்கிறது. காசிக்கு அப்பால் போகும்போது, உடன் வந்த அடியார்களை அப்பர் தம்மோடு இழுத்துக்கொண்டு போகவில்லை. அவர்களை அங்கேயே பத்திரமாக நிறுத்திவிட்டுத் தனியாகத்தான் போனார். தேய்ந்தது அவருடைய பாதம். நைந்தது அவருடைய மார்பு. யார் பிள்ளையையும் அவர் மழையில் உட்கார வைக்கவில்லை. எந்தத் தாயிடமும் "பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு மறக்கவில்லை.

என் உடம்பை வைத்து நான் பிடிவாதம் பிடித்தால் அது தவமாகலாம். அடுத்தவர் உடம்பை வைத்து நான் பிடிவாதம் பிடித்தால் அதற்குப் பெயர் தவம் இல்லை. இந்த ஒரு வரியை மட்டுமாவது இன்று எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். அப்பருக்குக் கால் போயிற்று, கை போயிற்று, "நான்" என்பதும் சேர்ந்தே தேய்ந்துபோயிற்று. எனக்குக் காலும் நன்றாக இருந்தது, கையும் நன்றாக இருந்தது. "நான்" மட்டும் உச்சி வரை கொஞ்சமும் தேயாமல் வந்து, நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டது.

கதை இன்னும் முடியவில்லை. "இந்தப் பொய்கையில் மூழ்கி, திருவையாற்றில் கயிலைக் காட்சியைக் காண்பாய்" என்று இறைவன் அருளுகிறார். ஊர் ஊராக நடந்து, உடம்பெல்லாம் தேய்ந்து, கயிலைப் பக்கம் வந்த பிறகு, "இங்கே இல்லை, நீ விட்டு வந்த சோழநாட்டுக்கே போ" என்றால் நமக்கு எப்படி இருக்கும்? பெங்காசேயில் நின்றுகொண்டு, "கார் நிறுத்தும் இடத்துக்குப் போ, உச்சி அங்கே தெரியும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா? அப்பர் ஒத்துக்கொண்டார். ஐந்தெழுத்தை ஓதி மூழ்கினார். திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். காண வேண்டும் என்ற உறுதியை அவர் கடைசிவரை விடவில்லை. இந்த வழியில்தான் காண்பேன் என்ற பிடியை விட்டுவிட்டார்.

அங்கே அவர் கண்டது என்ன? பொன்மயமான சிகரமா? யானை தன் துணையோடு வருகிறது. கோழி, குயில், மயில், நாரை, கிளி எல்லாம் இணை இணையாக வருகின்றன. ஒவ்வொரு இணையிலும் அம்மையப்பரைக் காண்கிறார். அந்தக் காட்சியைப் பாடிய பதிகத்தில் தனியாக வருகிற உயிர் ஒன்று கூட இல்லை. தனியாகப் போனவருக்கு இறைவன் காட்டிய கயிலை, துணையோடு வருகிறவர்களின் ஊர்வலமாக இருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பதிகத்தின் தொடக்கம். பூவும் நீரும் சுமந்து, இறைவனைப் பாடிக்கொண்டு கோயிலுக்குள் போகிறவர்களுக்குப் பின்னால் தாம் போவதாகத்தான் அப்பர் பாடுகிறார். முன்னால் போகவில்லை. பின்னால் போகிறார்.

மலையேறும் குழுவில் கடைசியாக நடப்பவரை "ஸ்வீப்பர்" என்பார்கள். வேகமாக நடக்கத் தெரியாதவருக்குக் கொடுக்கும் இடம் என்று சின்ன வயதில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, குழுவில் மிகவும் அனுபவம் உள்ளவரைத்தான் அங்கே நிறுத்துவார்கள். யார் தளர்கிறார், யார் செருப்பைச் சரிசெய்ய நிற்கிறார், யார் சிரித்துக்கொண்டே வலியை மறைக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. அதுதான் அவருடைய ஒரே வேலை. ஸ்வீப்பர் என்றால் கூட்டுகிறவர். உழவாரப் படையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கிச் சுத்தம் செய்த அப்பருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுமா?

பத்துமலையில் இதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். தைப்பூசத்தன்று 272 படிகளில் காவடி ஏறும்போது நம் கண்ணும் கேமராவும் காவடி எடுப்பவர் மேலேயே இருக்கும். அவருக்குப் பக்கத்தில் ஒரு பையன் வருவான். கையில் ஒரு முக்காலி, தோளில் தண்ணீர்ப் பை. காவடிக்காரர் தளர்ந்தால் முக்காலியைப் போடுவான். காலைத் தேய்த்துவிடுவான். "வேல் வேல்" என்று சொல்லி எழுப்புவான். அவன் எந்தப் படத்திலும் இருக்க மாட்டான். ஆனால் அவனும் அதே 272 படியைத்தான் ஏறுகிறான். முருகனுக்கு அவன் கணக்குத் தெரியாதா?

கடந்த ஆண்டு நம் இளைஞர் பிரிவிலிருந்து 14 பேரை நுவாங்குக்கு அழைத்துப் போனேன். அந்த முதல் பயணத்துக்குப் பிறகு நான் அந்த மலைக்குப் போனது அதுதான் முதல் தடவை. வனத்துறை அனுமதி, ஆளுக்கொரு தலைவிளக்கு, மழைக்கோட்டு, உப்புக் கலந்த பானம் எல்லாம் சரிபார்த்தோம். முந்தின நாளே எல்லாரும் சேர்ந்து ஒரு நேரம் முடிவு செய்தோம். மதியம் 12.30. அந்த நேரத்தில் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். இடி கேட்டால் அதற்கு முன்பே திரும்ப வேண்டும். முகட்டில் நம்மைவிட உயரமாக எதுவும் இல்லாத இடங்கள் உண்டு. மின்னலுக்கு அது போதும். நனைந்த உடம்பில் காற்று பட்டால், நம் வெப்ப நாட்டில் கூட மலை மேலே உடல் சூடு இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, நான் கடைசியில் நடந்தேன்.

பெங்காசேயைத் தாண்டி முகட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தோம். மணி 12 கூட ஆகவில்லை. நுவாங் எதிரே தெரிந்தது. 20 நிமிடம் இருந்தால் போதும். அப்போது பகாங் பக்கமிருந்து முதல் இடி கேட்டது.

நான் விசில் ஊதினேன். முன்னால் போன தம்பி ஒருவன், நல்ல விளையாட்டு வீரன், திரும்பி வந்து, "அண்ணா, இருவது நிமிஷம்தான்! நான் மட்டும் ஓடிப்போய்ட்டு வந்துடறேன்" என்றான். அவன் கண்ணில் நான் என்னைப் பார்த்தேன். 22 வயது நான்.

"வேணாம்பா, திரும்பு."

"இவ்ளோ தூரம் வந்தது வீணா?"

முகட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு பக்கச் சரிவு, எதுவானாலும் போயே தீருவேன் என்பது. மறு பக்கச் சரிவு, பயந்து எல்லாவற்றையும் கைவிடுவது. இரண்டும் பள்ளம்தான். ஆன்மிகப் பாதை சவரக்கத்தியின் கூர் போன்றது என்று கடோபநிடதம் சொல்கிறது. எமனிடம் அதைக் கேட்டவன் நசிகேதன், உங்களைவிடச் சின்னப் பையன். கூரான பாதை என்றால் துணிந்து ஓட வேண்டிய பாதை என்று நான் முன்பு நினைத்திருந்தேன். ஒவ்வொரு அடியிலும் விவேகம் வேண்டிய பாதை என்பதுதான் அதன் பொருள் என்று அந்த முகட்டில் நின்றபோது புரிந்தது.

திரும்பினோம். பெங்காசேயை அடைவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்தத் தம்பி கெம் லோலோ வரை என்னோடு பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த நீண்ட மண் பாதையில், முழங்கால் வலியோடு பின்தங்கிய ஒரு தங்கையின் பையை வாங்கித் தன் பைக்கு மேலே போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் கடைசியாக நடந்து வந்தான். யாரும் சொல்லவில்லை. அவனாகவே வந்தான். கொஞ்ச தூரம் போனதும், "கடைசியில நடக்கறது ரொம்பக் கஷ்டம்ணா" என்றான். "ஏன்?" என்றேன். "எல்லாரையும் பாத்துக்கிட்டே வரணும்."

சிரித்துவிட்டேன். உச்சி பாதி வழிதான், வீடு வந்து சேர்வதுதான் முழு வழி என்று மலையேறுபவர்கள் சொல்வார்கள். அந்தப் பையன் அன்று முழு வழியையும் நடந்தான்.

பங்சூன் வாசலில் ஒரு கார் நின்றது. என் சின்னம்மா மகன். இப்போது அவனுக்குச் சொந்தமாக ஒரு சிறு தொழில், இரண்டு பிள்ளைகள். பயணத்துக்கு அவனையும் அழைத்திருந்தேன். மலைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆனால் 15 பொட்டலம் நாசி லெமாக்கும் ஒரு பெரிய குடுவை தேநீரும் வாங்கிக்கொண்டு, மழையில் இரண்டு மணி நேரமாக அங்கே காத்துக்கொண்டிருந்தான்.

உச்சிக்குப் போனீங்களா என்று அவன் கேட்கவில்லை. "எத்தனை பேர் போனீங்க? எத்தனை பேர் வந்தீங்க?" என்றுதான் கேட்டான்.

"பதினஞ்சு பேர் போனோம். பதினஞ்சு பேரும் வந்துட்டோம்டா."

தலையாட்டினான். தேநீரை ஊற்றி முதல் குவளையை என் கையில் கொடுத்தான். நான் மழையைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு முன்னால் நிறைய உச்சிகள் இருக்கின்றன. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம்., பல்கலைக்கழகம், வேலை, வீடு. ஏறுங்கள். நன்றாக ஏறுங்கள். நம் சமயம் ஏற வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நம் தெய்வங்களே மலைமேல்தான் இருக்கிறார்கள். ஆனால் போகும் வழியில் அவ்வப்போது ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.

நம் சமய வகுப்புக்கு மூன்று மாதமாக வராத ஒருவர் உங்களுக்குத் தெரியும். "அவனுக்கு ஆர்வம் இல்லை" என்று நாம் முடிவு செய்துவிட்டோம். கூட்டத்தில் எப்போதும் "நீங்க பேசுங்க, நான் கேட்டுக்கறேன்" என்று சொல்லும் ஒருவரையும் தெரியும். தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து புலனக் குழுவில் எதுவும் எழுதாத ஒருவரையும் தெரியும். அவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு பெங்காசேயில் உட்கார்ந்து, "நீங்க போங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பெங்காசே என்ற மலாய்ச் சொல்லுக்கு அன்பு நிறைந்தவர், இரக்கம் உள்ளவர் என்று பொருள். உச்சி என்று நம்பி நாம் ஏமாறுகிற இடத்துக்கு அந்தப் பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது. எனக்கு இப்போது அது ஏமாற்றும் உச்சியாகத் தோன்றவில்லை. 22 வயதில் நான் நின்றிருக்க வேண்டிய உச்சி அதுதான்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அப்படி ஒருவரை அழைத்துப் பேசுங்கள். அறிவுரை வேண்டாம். "சாப்பிட்டியா? எங்க இருக்க? நான் வரவா?" அவ்வளவு போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் நுழையும்போது, அவரை முன்னால் போகவிட்டு நீங்கள் பின்னால் வாருங்கள். பின்னால் நடப்பது எப்படி என்று அப்பர் சுவாமிகள் நமக்குக் காட்டியிருக்கிறார்.

எல்லாரும் ஏறுவோம். எல்லாரும் வீடு திரும்புவோம். எல்லாம் வல்ல சிவபெருமான் நம் எல்லாருக்கும் துணை நிற்பாராக.

திருச்சிற்றம்பலம்.